லீஸுக்கு எடுத்த வீட்டில் இன்னொருவரைத் தங்க வைக்கலாமா?

ஒரகடம் சந்திப்பில் இறங்கி மாத்தூர் பக்கமோ வல்லம் பக்கமோ கொஞ்ச தூரம் நடந்தால் போதும். மின்கம்பத்தில், பெட்டிக்கடைச் சுவரில், டீக்கடை ஷட்டரில் என எங்கு பார்த்தாலும் "ரூம் வாடகைக்கு" என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதற்குக் கீழேயே "ஃபேமிலி மட்டும்" என்று இன்னொன்று! ஹூண்டாய் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் வேலை தேடி வரும் கூட்டம் குறையவே இல்லை. தொழிற்சாலை கட்டிய வேகத்தில் யாரும் வீடு கட்டவில்லை என்பதுதான் பிரச்சினை.

இந்த இடைவெளியில்தான் ஒரு பழக்கம் வளர்ந்திருக்கிறது. ஒரு குடும்பம் 5 லட்சம் கொடுத்து, ஸ்ரீபெரும்புதூரில் இரண்டு படுக்கையறை வீட்டை லீஸுக்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது 5 லட்சமும் வட்டியில்லாமல் திரும்ப வந்துவிடும். ஆனால் அந்த 5 லட்சம் நகையை அடகு வைத்துத் திரட்டியது. அதற்கு வட்டி கட்ட வேண்டுமே... ஒரு அறை சும்மா கிடக்கிறது. கணவருடன் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் பையன்கள் இரண்டு பேரைச் சாப்பாட்டோடு தங்க வைக்கிறார்கள். மூன்றாம் மாதம் ஹவுஸ் ஓனர் வந்து, "யாரைக் கேட்டு ஆள் வைத்தீர்கள்? காலி பண்ணுங்கள்" என்கிறார். "காசு கொடுத்திருக்கிறோம் இல்லையா, திருப்பிக் கொடுக்கும் வரை இது எங்கள் வீடுதானே" என்பது இவர்கள் பதில்.

யார் சொல்வது சரி?

எல்லோரும் பொத்தாம் பொதுவாக "லீஸ்" என்று சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கு உள்ளே இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பழைய ஒத்தி. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதைச் சுவாதீன அடமானமாகப் பார்க்கிறது. கடன் கொடுத்தவர் சொத்தைத் தன் வசம் வைத்துக்கொண்டு, அதிலிருந்து வரும் வாடகையையும் வருமானத்தையும் வட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு பத்திரம் முறையாகப் பதிவாகியிருந்தால் "எங்கள் வீடு மாதிரிதான்" என்று சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் நடைமுறையில் கையெழுத்தாவது 11 மாத ஒப்பந்தம். முத்திரைத்தாளில் டைப் அடித்த, பதிவாகாத வாடகை ஒப்பந்தம் அது. பெரிய அட்வான்ஸ், பூஜ்ய வாடகை, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒத்திக்காரரின் உரிமையைக் கேட்க முடியாது.

வாடகைதாரர் என்று ஆகிவிட்டால் உள்வாடகைக்கு விடலாமா? ஒப்பந்தத்தில் தடை இல்லையென்றால் விடலாம் என்பதுதான் சொத்து மாற்றுச் சட்டத்தின் பொது விதி. ஆனால் தமிழ்நாட்டில் 1960-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால் அதுவே வெளியேற்றக் காரணம் ஆனது. அதற்குப் பதிலாக வந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் (2017-ல் இயற்றப்பட்டது) அதே வழியில்தான் போகிறது. எழுத்தில் சம்மதம் வேண்டும். வாய்ச் சொல் போதாது.

அப்படியென்றால் ஹவுஸ் ஓனர் ஜெயித்துவிட்டாரா என்றால், அவசரப்பட வேண்டாம். உள்வாடகை என்பது வேறு, ஆளைத் தங்க வைப்பது வேறு. அறையின் சாவியை ஒப்படைத்து, இவர்கள் நுழைய முடியாதபடி அதைத் தனிக் குடித்தனமாக ஆக்கினால் அது உள்வாடகை. ஒரே வாசல், ஒரே சமையல், அறையும் இவர்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது, பையன் சாப்பிட்டுப் படுத்து எழுந்து ஷிப்டுக்குப் போகிறான் என்றால் அது பெரும்பாலும் வெறும் அனுமதிதான். 1959-ல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் எதிர் கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசியதும் இந்த வித்தியாசத்தைத்தான். பத்திரத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை விட, தனி அனுபோகம் யாரிடம் இருந்தது, இரு தரப்பின் எண்ணம் என்ன என்பதுதான் முக்கியம்.

ஆகவே அந்தக் குடும்பம் உள்வாடகைக்கு விடவில்லை என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் "குடும்பத்தினர் தவிர வேறு யாரும் தங்கக் கூடாது" என்று ஒரு வரி இருந்தால் அந்த வாதம் உதவாது. அந்த வரி இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும்போது எத்தனை பேர் படிக்கிறார்கள்? பேருந்து டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கிற அளவுக்குத்தான்.

ஹவுஸ் ஓனர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நான்கு பேருக்குக் கட்டிய செப்டிக் டேங்க்கை ஆறு பேர் பயன்படுத்தினால் லாரிக்குப் பணம் கொடுப்பது அவர்தான். மோட்டார் கூடுதல் நேரம் ஓடும். நாளை ஏதாவது போலீஸ் விசாரணை என்றாலும் முதலில் தட்டப்படுவது அவர் வீட்டுக் கதவு. இதெல்லாம் பேசித் தீர்க்கக் கூடியவை. தண்ணீருக்கு இவ்வளவு, கரண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கூட்டினால் முடிந்தது.

ஆனால் பல இடங்களில் உண்மையான காரணம் செப்டிக் டேங்க் இல்லை. வந்தவன் பீகார்க்காரன், ஒடிசாக்காரன் அல்லது "என்ன ஆளோ" என்பதுதான் காரணம். அதே ஓனர் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் போட்டு, ஒரு அறைக்கு எட்டு பேரை அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும்போது ஊர் பேர் எதுவும் கேட்பதில்லை! ஷெட்டில் இருந்தால் வருமானம், வீட்டுக்குள் வந்தால் தொந்தரவு. இந்த இடத்தில் சட்டத்தை இழுப்பது வெறும் சாக்கு.

குடும்பம் ஒன்றில் தங்குவதால் அந்தப் பையனுக்கு என்ன லாபம் என்பதை 2021 டிசம்பர் காட்டியது. ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்த பிறகுதான் விடுதிகளில் என்ன நடக்கிறது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேருக்குச் சேர்த்துச் சமைக்கும் வீட்டில் குழம்பு கெட்டால் சமைத்தவருக்கும் அதே கதிதான். அதை விட நல்ல தரக் கட்டுப்பாடு எது?

ஒரு கணக்கு விஷயம். வீட்டுச் சொந்தக்காரர் வாங்கும் வாடகைக்கு வருமான வரியில் 30 சதவீதக் கழிவு உண்டு. லீஸுக்கு எடுத்தவர் அடுத்தவரிடம் வாங்கும் பணத்துக்கு அது கிடையாது, ஏனெனில் அவர் உரிமையாளர் இல்லை. அது "இதர வருமானம்". வரி வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதனால் பாதிப்பு இல்லை, ஆனால் தெரிந்துகொள்வது நல்லது.

எனவே லீஸ் எடுக்கும் அன்றே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்: "இரண்டு நபர்கள் வரை உடன் தங்க உரிமையாளர் சம்மதிக்கிறார்." 5 லட்சம் கை மாறுவதற்கு முன் கேட்டால் பெரும்பாலான ஓனர்கள் ஒப்புக்கொள்வார்கள். கை மாறிய பிறகு கேட்டால் யோசிப்பார்கள். மறுப்பவர்கள் காரணத்தைச் சொல்லட்டும், அது தண்ணீரா இல்லை வேறு ஏதாவதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

அரசும் சும்மா இல்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பை முதலமைச்சர் திறந்து வைத்தார். பெரிய விஷயம்தான். ஆனால் ஒப்பந்த வேலைக்கு நேற்று ராத்திரி ரயிலில் வந்து இறங்கிய பையனுக்கு அங்கே படுக்கை கிடையாது. அவன் இன்னும் டீக்கடை ஷட்டரில் ஒட்டிய காகிதத்தைத்தான் படித்துக்கொண்டு நிற்கிறான்.