துரை எந்த ஊர்க்காரர்?

நமக்கு வெள்ளைக்காரர் எல்லாரும் ஒன்றுதான். மலாய் நண்பர்கள் ‘மாட் சாலே’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நாம் கொஞ்சம் படித்தவர்கள் என்று காட்டிக்கொள்ள ‘ஆங்கிலேயர்’ என்போம். ‘ஆங்கிலேயர் ஆட்சி’, ‘ஆங்கிலேயர் கொண்டுவந்த ரப்பர்’, ‘ஆங்கிலேயத் துரை’ என்று வரலாற்றுப் பாடத்தில் எழுதி எழுதித்தான் நானும் மதிப்பெண் வாங்கினேன். அது பெரும்பிழை என்று கடந்த ஆண்டு வரை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னவன் ஒரு வேல்ஸ்காரன். அதுவும் சமையலறையில்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. விடுதியில் ஐந்து பேருக்கு ஒரு சமையலறை. முதல் வாரம், நான் கொண்டுபோன மைலோ பொட்டலத்தைப் பிரித்துக் கலக்கியபடி, பேச்சைத் தொடங்க வேண்டுமே என்று, “நீங்கள் இங்கிலீஷ்காரர்கள் தேநீருக்குச் சீனியே போடுவதில்லையா?” என்று கேட்டேன். எதிரில் இருந்தவன் கரண்டியைக் கீழே வைத்தான். “நான் இங்கிலீஷ் இல்லை, வெல்ஷ்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் ஆயிரம் முறை சொல்லிச் சலித்த ஒருவனின் குரல் அது.

அடுப்பருகே நின்ற பெண் சிரித்தாள். அவள் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்தவள். “அப்படியானால் நீ?” என்றேன். “ஐரிஷ்” என்றாள். அதே பெல்ஃபாஸ்ட்டிலிருந்து வந்த இன்னொருவன், “நான் பிரிட்டிஷ்” என்றான். இருவரின் வீடுகளுக்கும் இடையே நடந்துபோகும் தூரம்தானாம்! மிச்சமிருந்தவன் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தான். அவனிடமும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இங்கிலீஷ், பிரிட்டிஷ், எல்லாம் ஒன்றுதானே?” என்றான். மற்ற மூவரும் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

கணக்கு என்னவோ எளியதுதான். கிரேட் பிரிட்டன் என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றும் அடங்கிய பெருந்தீவு. அதோடு வட அயர்லாந்தைச் சேர்த்தால் ஐக்கிய முடியரசு. இங்கிலாந்து அதில் ஒரு பகுதி மட்டுமே. வேல்ஸை 16-ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மன்னர் சட்டம் இயற்றி இணைத்தார். ஸ்காட்லாந்து 1707-இல் ஒன்றிணைந்தது. அயர்லாந்து 1801-இல் சேர்க்கப்பட்டு, 1922-இல் அதன் பெரும்பகுதி பிரிந்துபோனது. ஆக, அந்த நாட்டின் பெயரே மூன்று நான்கு முறை மாறியிருக்கிறது. வீட்டுப் பெயர் அடிக்கடி மாறினால் உள்ளே இருப்பவர்களுக்கும் குழப்பம் வராமலா போகும்?

ஆனால் இதை வெறும் குழப்பம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 1746-ஆம் ஆண்டில் லண்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. சட்டங்களில் ‘இங்கிலாந்து’ என்று எழுதினாலே அதில் வேல்ஸும் அடங்கும் என்றது அது. வேல்ஸைப் பொறுத்தவரை 1967-இல்தான் அதை நீக்கினார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாட்டின் பெயரைச் சட்டப் புத்தகத்தில் தனியே எழுதத் தேவையில்லை என்று வைத்திருந்தார்கள். இதைக் குழப்பம் என்பதா, வசதி என்பதா?

‘ஆங்கிலேயர்’ என்ற சொல்லின் வேரைப் பாருங்கள். ஆங்கிள் என்ற ஜெர்மானிய இனக்குழுவின் பெயர் அது. கடல் கடந்து வந்து குடியேறிய அந்த இனக்குழுக்களுக்கு முன்பே அத்தீவில் வாழ்ந்தவர்களின் வழிவந்தவர்கள் வெல்ஷ் மக்கள். ‘வெல்ஷ்’ என்பதுகூட அவர்கள் வைத்துக்கொண்ட பெயரன்று; ‘அந்நியர்’ என்ற பொருளில் வந்தவர்கள் வைத்த பெயர். சொந்த மண்ணில் இருப்பவனை வந்தவன் அந்நியன் என்று அழைத்தான்! தங்கள் மொழியில் அவர்கள் நாட்டைக் ‘கம்ரி’ என்கிறார்கள். இப்போது அந்தக் கரண்டி ஏன் கீழே இறங்கியது என்று உங்களுக்குப் புரியும்.

கிளாஸ்கோ தெருவில் அஞ்சல் பெட்டிகளைக் கவனித்தேன். இங்கிலாந்தில் அவற்றின்மேல் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முத்திரை எழுத்துகள் ‘இரண்டு’ என்ற எண்ணோடு இருக்கும். ஸ்காட்லாந்தில் ஸ்காட்டிஷ் கிரீடம் மட்டும்தான். காரணம், முதலாம் எலிசபெத் ஆண்டது இங்கிலாந்தை, ஸ்காட்லாந்தை அல்ல. முதலாமவரே இல்லாத நாட்டில் இரண்டாமவர் எப்படி வருவார் என்று கேட்டார்கள். எடின்பரோவில் எண்ணோடு வைத்த பெட்டி ஒன்று 1953-இல் வெடிவைத்தே தகர்க்கப்பட்டது. அதன்பிறகு அரசாங்கம் எண்ணை விட்டுவிட்டு கிரீடத்தைப் பொறித்தது. ஓர் எண்ணுக்காக வெடிகுண்டா என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். நம் பெயரைப் பதிவேட்டில் தப்பும் தவறுமாக எழுதிய அலுவலரோடு நம் அப்பாக்கள் எத்தனை முறை மல்லுக்கட்டியிருக்கிறார்கள்!

விளையாட்டில் இந்தக் கூத்து இன்னும் அதிகம். ‘இங்கிலாந்து’ கிரிக்கெட் அணி உண்மையில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் பொதுவானது. 1973 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில் ஆட வந்த இங்கிலாந்து அணிக்குத் தலைவர் டோனி லூயிஸ், ஒரு வேல்ஸ்காரர். பின்னர் தலைவரான மைக் டென்னஸ், ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ஒலிம்பிக்கில் ‘டீம் ஜிபி’ என்று பெயர். கிரேட் பிரிட்டனில் அடங்காத வட அயர்லாந்து வீரர்களும் அதில் ஆடலாம், விரும்பினால் அயர்லாந்துக்கும் ஆடலாம். கார்டிஃப் சிட்டி காற்பந்துக் கழகத்தை நம் நாட்டு வின்சென்ட் டான் வாங்கியபோது நம்மில் எத்தனை பேர் அதை இங்கிலாந்துக் கழகம் என்று நினைத்தோம்? அது வேல்ஸின் தலைநகரத்துக் கழகம். இங்கிலீஷ் லீக்கில் ஆடுகிறது, அவ்வளவுதான்.

இங்கிலாந்துக்காரர்களுக்கே தங்கள் பெயர் தெளிவில்லை என்பதுதான் வேடிக்கை. 1966-இல் இங்கிலாந்து உலகக் கிண்ணத்தை வென்றபோது அரங்கில் ஆடியவை பெரும்பாலும் யூனியன் ஜாக் கொடிகள், அதாவது எல்லாருக்கும் பொதுவான கொடி. வெள்ளையில் செஞ்சிலுவை போட்ட இங்கிலாந்தின் சொந்தக் கொடி 1996 ஐரோப்பியப் போட்டியின்போதுதான் பெருவாரியாகத் தலைகாட்டியது. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் 1999-இல் தனி மன்றங்கள் கிடைத்தன. இங்கிலாந்துக்கென்று தனி மன்றம் இன்றுவரை இல்லை. பெரும்பான்மையாக இருப்பவனுக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டிய கட்டாயம் வருவதில்லை என்று நினைக்கிறேன். லீட்ஸ் நண்பன் நல்லவன்தான். அவனிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை, அதுதான் விஷயம்.

இதற்கு ஒரு சான்று சொல்கிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2011-இல் முதன்முறையாக ‘உன் தேசிய அடையாளம் எது?’ என்று கேட்டார்கள். 57.7 விழுக்காட்டினர் ‘இங்கிலீஷ் மட்டும்’ என்றார்கள். 2021-இல் அதே கேள்வி. இம்முறை 14.9 விழுக்காடு! ‘பிரிட்டிஷ் மட்டும்’ என்றவர்கள் 19.1-இலிருந்து 54.8 விழுக்காட்டுக்கு ஏறினார்கள். பத்தே ஆண்டில் இத்தனை பேர் மனம் மாறினார்களா? பெரும்பாலும் இல்லை. இங்கிலாந்தில் கொடுத்த படிவத்தில் 2011-இல் முதல் கட்டம் ‘இங்கிலீஷ்’; 2021-இல் முதல் கட்டம் ‘பிரிட்டிஷ்’. கண்ணில் முதலில் பட்டதில் பலர் கோடு போட்டுவிட்டார்கள். புள்ளிவிவரத் துறையே இந்த மாற்றத்தைச் சுட்டிக்காட்டியது. ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. 2022-இல் அங்கே 65.5 விழுக்காட்டினர் ‘ஸ்காட்டிஷ் மட்டும்’ என்றார்கள், 2011-இல் 62.4.

இவ்வளவும் விளையாட்டாகத் தோன்றலாம். வட அயர்லாந்தில் இது விளையாட்டல்ல. முப்பது ஆண்டு வன்முறைக்குப் பின் 1998-இல் கையெழுத்தான பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம், அங்குள்ளவர்கள் தங்களை ஐரிஷ் என்றோ, பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ கொள்ளலாம் என்று உறுதி தந்தது. எம்மா டிசூசா என்ற பெண் தன்னை ஐரிஷ் என்றே கொண்டு, ஐரிஷ் கடப்பிதழ் மட்டுமே வைத்திருந்தார். அமெரிக்கக் கணவருக்கு வசிப்புரிமை கேட்டு விண்ணப்பித்தபோது, ‘நீங்கள் சட்டப்படி பிரிட்டிஷ், வேண்டாமென்றால் முறைப்படி அதைத் துறந்துவிட்டு வாருங்கள்’ என்றது உள்துறை. தன்னிடம் இல்லை என்று அவர் நம்பிய ஒன்றை எப்படித் துறப்பது? வழக்குப் பல ஆண்டு நடந்தது. 2019-இல் மேல் தீர்ப்பாயம் அரசின் பக்கமே நின்றது. 2020-இல் அரசு குடிநுழைவு விதிகளை மாற்றியதால்தான் அவரைப் போன்றவர்களின் குடும்பங்களுக்கு வழி பிறந்தது.

வேல்ஸ் நண்பன் ஒருநாள் இரவு சொன்னான்: “பிரிட்டிஷ் என்ற சொல்லே ஒழிந்தால் நல்லது. அது இங்கிலீஷுக்குப் போட்ட மேல்சட்டை.” தலையாட்டத்தான் இருந்தேன். அப்போது என் பெரியம்மா நினைவுக்கு வந்தார். 1970-களில் இங்கிருந்து தாதிப் பயிற்சிக்குப் போன எத்தனையோ மலேசியப் பெண்களுள் அவரும் ஒருவர். அங்கேயே திருமணம், அங்கேயே பிள்ளைகள். பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, லண்டனுக்கு வடக்கே லூட்டனில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசும் ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரியாது, அத்தனை லூட்டன் வாடை. ஆனால் அவர் ஒருபோதும் தன்னை ‘இங்கிலீஷ்’ என்று சொன்னதில்லை. “சொன்னால் சிரிப்பார்கள் தம்பி. பிரிட்டிஷ் என்றால் யாரும் சிரிப்பதில்லை” என்பார். 2011 கணக்கெடுப்பும் அதைத்தான் காட்டியது: வெள்ளையர் பெரும்பாலும் ‘இங்கிலீஷ்’ என்றார்கள், சிறுபான்மையினர் ‘பிரிட்டிஷ்’ என்றார்கள்.

ஆக, வேல்ஸ் நண்பனுக்கு மேல்சட்டையாகத் தெரிவது என் அண்ணனுக்குக் கூரை. கழற்று என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் ‘ஸ்காட்டிஷ் ஆசியர்’ என்று சொல்லிக்கொள்பவர்களை நானே சந்தித்தேன். பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த ஹம்சா யூசஃப் 2023-இல் அங்கே முதலமைச்சராகவே ஆனார். ‘ஸ்காட்டிஷ்’ என்ற சொல் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ‘இங்கிலீஷ்’ என்ற சொல் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. அது திறக்கும்வரை ‘பிரிட்டிஷ்’ இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே என் கருத்து. வேல்ஸ் நண்பனிடம் இதைச் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் அவனே எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டான், சீனியோடு.

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘இங்கிலாந்துப் பிரதமர்’ என்று எழுதுவதை நிறுத்தலாம். கார்டன் பிரவுன் ஸ்காட்லாந்துக்காரர். லாயிட் ஜார்ஜின் தாய்மொழி வெல்ஷ். அப்படியொரு பதவியே இல்லாதபோது அவர்களை இங்கிலாந்துப் பிரதமர் என்பது எந்த நியாயம்? ‘பிரிட்டிஷ் பிரதமர்’ என்று எழுத ஒரு மையும் கூடுதலாகச் செலவாகாது. மொழியை ஆங்கிலம் என்போம், அது சரி. ஆட்சியை ‘பிரிட்டிஷ் ஆட்சி’ என்போம். தெலுங்கரையும் மலையாளியையும் சீக்கியரையும் யாரேனும் தமிழர் என்று எழுதினால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

நம் வரலாறே இதனால் மங்கலாகிவிடுகிறது. சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட் வில்லியம் ஃபார்குவார் ஸ்காட்லாந்துக்காரர். அவருக்குப் பின் வந்த ஜான் கிராஃபர்டும் அப்படியே. நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் சீவிய கத்ரி தோட்டங்களின் நிறுவனத்தைத் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரியும் ஸ்காட்லாந்துக்காரர்தான். என் தாத்தா பிறந்தது பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் வட்டாரத்தில். பக்கத்திலேயே கலிடோனியா என்றொரு தோட்டம். கலிடோனியா என்பது ஸ்காட்லாந்தின் பழைய இலத்தீன் பெயர் என்று கிளாஸ்கோ போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பினாங்கு அப்போது நீரிணைக் குடியேற்றப் பகுதி. ஆகவே அங்கே பிறந்த தாத்தா பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜை. லயத்து வீட்டில் பிறந்த தாத்தாவும் பங்களாவில் இருந்த துரையும் காகிதத்தில் ஒரே மன்னரின் பிரஜைகள்! அந்தக் காகிதம் பிற்காலத்தில் எதற்கு உதவியது என்பது தனிக்கதை. 1981-இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம், பினாங்கு, மலாக்காவில் மெர்டேக்காவுக்கு முன் பிறந்த பலரைக் ‘கடல்கடந்த பிரிட்டிஷ் குடிமக்கள்’ ஆக்கியது. பிரிட்டனில் வாழும் உரிமை மட்டும் அதில் கிடையாது. பெயரில் பிரிட்டிஷ் இருக்கிறதே என்று நம்பி, 2000-க்குப் பின் மலேசியக் குடியுரிமையைத் துறந்து, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களும் நம் நாட்டில் உண்டு.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகத் தாத்தாவிடம் போனேன். கிளாஸ்கோவில் வாங்கிய கம்பளிச் சால்வையைப் போர்த்திவிட்டுக் கேட்டேன்.

“தாத்தா, உங்க தோட்டத்துத் துரை எந்த ஊருக்காரரு? இங்கிலாந்தா, ஸ்காட்லாந்தா?”

“சீமைக்காரருய்யா.”

“சீமையில எந்தப் பக்கம்?”

தாத்தா சால்வையின் கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அதெல்லாம் நாங்க கேட்டதில்ல. அவரும் எங்கள எந்த ஊருன்னு கேட்டதில்ல” என்றார்.