முதல் பத்து நிமிடங்களில் சாகிறவர்கள்

சண்டைப் படங்களின் தொடக்கக் காட்சிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எம்மவர் மத்தியில் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. 'அது சும்மா பொழுதுபோக்கு, அதுக்குள்ளை போய் அரசியல் தேடாதேயுங்கோ' என்பது ஒன்று. மற்றது எமது விமர்சகப் பெருந்தகைகளுடையது. 1992இல் வந்த 'அண்ணாமலை'யில் 'சுப்பர் ஸ்ரார்' என்ற எழுத்துகள் புள்ளிபுள்ளியாகத் திரையில் தோன்றியதை இவர்கள் இன்றுவரை கேலி செய்கிறார்கள். ஜேம்ஸ் பொண்ட் துப்பாக்கியோடு நடந்து வந்தாலோ 'என்ன தொழில்நுட்பம்!' என்று வாயைப் பிளக்கிறார்கள்.

முதலாமவர்களோடு எமக்குப் பெரிய வழக்கில்லை. இரவு வேலை முடித்து வந்தவர் களைப்பாற ஒரு படம் பார்ப்பது குற்றமல்ல. எமது கேள்வி இரண்டாமவர்களிடம்தான். தொடக்கக் காட்சி வேகத்தையும் உத்தியையும் காட்டுவதற்கே வருகின்றது என்று இவர்களுக்கு யார் சொன்னது? இது எவ்வகைப் படம் என்று பார்ப்பவருக்கு அறிவிப்பதே அதன் வேலை. சண்டைப் படத்தில் அந்த அறிவிப்பு, இன்னார் செத்தால் கவலைப்படு, இன்னார் செத்தால் கவலைப்படாதே என்பதாகும். இந்தப் பிரிப்பு முடியாமல் சண்டைப் படம் நகராது. நூறு பேர் செத்து விழும் படத்தில் ஒவ்வொருவருக்காகவும் நாம் வருந்தத் தொடங்கினால் கதாநாயகனை யார் ரசிப்பது?

பொண்ட் படங்களையே எடுத்துக்கொள்வோம். முதற்படமான 'டொக்டர் நோ' 1962 ஒக்ரோபரில் லண்டனில் வெளியானது. கதை நடக்கும் ஜமேய்க்கா அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் பிரித்தானியாவிடமிருந்து சுதந்திரம் பெற்றிருந்தது. படம் தொடங்கியதும் குருட்டுப் பிச்சைக்காரராக வேடமிட்ட மூன்று உள்ளூர் மனிதர்கள் ஒரு பிரித்தானிய உளவாளியைச் சுட்டுக் கொல்கிறார்கள். கொடியை இறக்கிவிட்டு வந்த தீவில் பிச்சைக்காரனையும் நம்பாதே என்பது முதற் பாடம். அதற்கும் முன்னால் வருகிறது மொறிஸ் பைண்டர் வடிவமைத்த அந்தப் புகழ்பெற்ற துப்பாக்கிக் குழல். குழலுக்குள்ளால் பார்ப்பது யார்? கதாநாயகனைக் குறிபார்க்கும் எதிரி. அவன் கண்ணால்தான் நாமும் பார்க்கிறோம். நாயகன் திரும்பிச் சுடுகிறான்; இரத்தம் வழிவது எமது கண்ணின்மேல். ஆனாலும் கைதட்டுவதும் நாமே. அறுபது வருடங்களுக்கு மேலாக இதற்குக் கைதட்டிவிட்டு, புள்ளிபுள்ளியாக வரும் எழுத்தை மட்டும் பாமரத்தனம் என்பது என்ன நியாயம்?

1964இன் 'கோல்ட்ஃபிங்கர்' இதை இன்னும் துப்புரவாகச் செய்தது. தலையில் பொம்மைக் கடற்பறவையுடன் பொண்ட் நீருக்குள்ளிருந்து எழுகிறான். லத்தீன் அமெரிக்காவில் எங்கோ ஓரிடத்தில் குண்டு வைக்கிறான். நீச்சலுடையைக் கழற்றினால் உள்ளே கசங்காத வெள்ளைக் கோட்டு. அதில் ஒரு சிவப்புப் பூவையும் செருகிக்கொள்கிறான். பிறகு தன்னைக் கொல்ல வந்தவனைக் குளியற்தொட்டிக்குள் தள்ளி, மின்சாரம் பாய்ச்சிச் சாகடித்துவிட்டு, சிலேடை ஒன்று சொல்லிப் போகிறான். மீதிப் படத்துக்கும் இதற்கும் கதையளவில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. செத்தவனைப் படம் பிறகு நினைப்பதேயில்லை. கதைக்குத் தேவையில்லாத ஒரு சாவு ஏன் முதலில் வைக்கப்பட்டது? சாவுக்குச் சிரிக்கலாம் என்று எம்மைப் பழக்குவதற்குத்தான்.

அந்த வெள்ளைக் கோட்டும் சிவப்புப் பூவும் இருபது வருடங்களின் பின் இந்தியானா ஜோன்சின் உடம்பில் மறுபடி வருகின்றன. பொண்ட் படமொன்றை இயக்க ஆசைப்பட்ட ஸ்பீல்பேர்க்கிற்கு லூகாஸ் கொடுத்த பாத்திரமே இந்த ஜோன்ஸ். 1981இல் வந்த முதற்படம் தென்னமெரிக்கக் காட்டில் தொடங்குகின்றது. வழிகாட்டிகள் இருவருமே துரோகிகள். கோயிலிலிருந்து பொற்சிலையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவன் நாயகன். தமது சிலைக்காக அம்பும் ஈட்டியுமாகத் துரத்துபவர்கள் ஆபத்து. களவெடுத்தவன் தப்பவேண்டுமே என்று நாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். எமது கோயிலில் இது நடந்தால் எந்தப் பக்கம் நிற்போம் என்று கேட்க இடைவெளியே தரப்படவில்லை. விமர்சகர்கள் மெச்சும் வேகத்தின் பயன் இதுதான்.

வெள்ளைக் கோட்டு வருவது 1984இன் இரண்டாவது படத்தில். அது 1935ஆம் ஆண்டுச் சாங்காயில், ஓர் இரவு விடுதியில் தொடங்குகின்றது. நாயகனின் சீன நண்பன் ஒருவன் சில நிமிடங்களிலேயே சுடப்பட்டு இறக்கிறான். அவனுக்குப் பெயராவது இருக்கிறது, அழுவதற்குத்தான் நேரமில்லை. அங்கிருந்து விமானம், பனிமலை, ஆறு என்று ஓடி நாயகன் ஓர் 'இந்திய'க் கிராமத்தில் வந்து சேர்கிறான். கதையை மாற்றுமாறு இந்திய அரசு கேட்டதால், அந்தக் கிராமம் 1983 ஏப்ரலில் கண்டிப் பகுதியில் படமாக்கப்பட்டது. 'இந்திய'க் கிராமத்தவர்கள் சிங்களம் பேசுகிறார்கள். ஊர்ப் பெரியவராக வந்த சிங்கள நடிகர் டி.ஆர். நாணயக்கார, ஆங்கிலம் தெரியாமலே, இயக்குநர் சொல்லச்சொல்லக் கேட்டு வசனத்தைத் திருப்பிச் சொன்னார். இந்தியாவோ இலங்கையோ, எந்த மொழியோ, யாருக்குக் கவலை? இருட்டான நாடு என்றால் போதும்.

எமது ஜூலை அதே ஆண்டில்தான் வந்தது. அதற்குள் கமெராக்கள் லண்டனருகே ஸ்ரூடியோவுக்குத் திரும்பிவிட்டிருந்தன. அதற்காகப் படக்குழுவை நாம் கூண்டில் ஏற்றவில்லை. தூர நாடுகளின் சாவுகளை உலகம் எண்ணாமல் விடுவதற்கு இப்படங்கள்தான் காரணம் என்றும் சொல்லவில்லை. எண்ணாமல் விடுவதற்கு அவை பயிற்சி தருகின்றன என்றே சொல்கிறோம்.

சண்டைப் படம் என்றால் இப்படித்தான் தொடங்கவேண்டும் என்ற விதியும் கிடையாது. 1954இல் குரோசாவாவின் 'ஏழு சாமுராய்'கள் எப்படித் தொடங்குகின்றது? குன்றின்மேல் கொள்ளையர்கள். கீழே கிராமம். பார்லி விளைந்ததும் வருவோம் என்று திரும்பிப் போகிறார்கள். அதை ஒரு விவசாயி ஒளிந்திருந்து கேட்டுவிடுகிறான். அடுத்து, கூடி அழும் ஊர். ஒரு துளி இரத்தம் சிந்தவில்லை. ஆனால் இனி வரும் ஒவ்வொரு சாவுக்கும் கணக்கு உண்டு. ஹொலிவூட்டிலேயே 1988இன் 'டை ஹாட்' விமானப் பயணத்துக்குப் பயந்த ஒரு மனிதனின் விரல்களில் தொடங்குகின்றது. அவனுக்கு வலிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

எம்மைப் பற்றிய படத்துக்கு வருவோம். 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற ஓடியாரின் 'தீபன்' இரண்டு தடவை தொடங்குகின்றது. முதலில் பிணங்கள் எரியும் சிதையில் தன் சீருடையை எறியும் போராளி. பிறகு இருட்டில் மினுங்கிவரும் சிறு வெளிச்சங்கள். கிட்ட வந்தால், பாரிஸ் தெருவில் விளையாட்டுச் சாமான் விற்கும் அதே மனிதன். அவனது பெயர்கூட இறந்த ஒருவரின் கடவுச்சீட்டிலிருந்து வந்தது. எமது வாழ்வு அந்த இரண்டாவது தொடக்கத்தில்தான் இருக்கின்றது. சோபாசக்தியின் முகம் அதை வசனமின்றியே சொல்லிவிடுகின்றது. படமோ இறுதியில் முதலாவதற்கே ஓடிப்போகின்றது. புகைமண்டிய படிக்கட்டில் அவன் கத்தியோடு ஏறுகிறான். அகதியை முழுமனிதனாகக் காட்டத் தொடங்கிய படத்துக்கும், கடைசியில் அவனுக்குள் ஒரு சண்டைக்காரனைத் தவிர வேறெதுவும் தென்படவில்லை. விருதைக் கொண்டாடிய எமது விமர்சகர்கள் இதைக் கேட்டிருக்கவேண்டாமா?

இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் எமது பிள்ளைகள் குறும்படம் எடுக்கிறார்கள். துப்பாக்கியோடு தொடங்க வேண்டாம் என்று நாம் தடைச்சட்டம் போடவில்லை. எமது வரலாற்றில் துப்பாக்கி இருந்தது. அதை மறைப்பதும் பொய்தான். நாம் கேட்பது ஒன்றே: உங்கள் படத்தில் முதலாவதாகச் சாகிறவருக்கு ஒரு பெயர் வையுங்கள். அவரைத் தேடி வருவதற்கு ஒரு ஆளையும் வையுங்கள். அதன்பிறகு எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் படத்தை ஓட்டுங்கள்.