வெர்பல் செக்‌ஷனுக்குத் தமிழையும் கூட்டிட்டுப் போங்க

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாலே எல்லா டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரு பிடிஎஃப் சுத்த ஆரம்பிச்சிடும். இங்கிலீஷ் கிராமர், நூறு ரூல்ஸ். கூடவே டிரெய்னர்களோட அட்வைஸ்: "தமிழ்ல யோசிக்காதீங்க, இங்கிலீஷ்லயே யோசிங்க." இந்த அட்வைஸ் பாதிதான் சரி என்பது என் கருத்து.

"ஸ்பாட்டிங் எரர்ஸ்" கேள்விகள் கம்பெனி டெஸ்டோட முடியறதில்லை. எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் 100 கேள்விகளில் 25 இங்கிலீஷ்; தப்பான விடைக்கு அரை மார்க் போயிடும். டோஃபல் ஐடிபியில் ஒரு வாக்கியத்தில் நாலு இடத்தில் அடிக்கோடு போட்டு, எது தப்புன்னு கேட்கிற பகுதியே தனியா இருக்கு.

இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச நாம இந்தக் கேள்விகளுக்குக் காதை நம்பித்தான் பதில் போடுறோம். மனசுக்குள்ள வாசிச்சுப் பார்த்து, உறுத்தலைன்னா "நோ எரர்". ஆனா அந்தக் காதைப் பழக்கினது யாரு? கிளாஸ், கேன்டீன், ரிவ்யூ மீட்டிங்னு எங்க போனாலும் "டிஸ்கஸ் அபவுட்"தான் கேட்கிறோம். அது எப்படி உறுத்தும்? "அதைப் பற்றிப் பேசினோம்" என்பதில் இருக்கிற "பற்றி"தான் அங்கே "அபவுட்"டா வந்து உட்காருது. "ஐ ஹேவ் சப்மிட்டட் இட் யெஸ்டர்டே" என்பதும் அப்படித்தான். நமக்கு அது "நேத்தே கொடுத்துட்டேன்". வேலை முடிஞ்சதுன்னு அந்த "ட்டேன்" சொல்லுது. நாம அதை "ஹேவ்" ஆக்கிடுறோம். இங்கிலீஷில் யெஸ்டர்டே மாதிரி முடிஞ்சுபோன நேரத்தைச் சொல்லிட்டா "ஹேவ்" வராது. "ஐ சப்மிட்டட்" போதும்.

இன்னொரு குழி: "தி லிஸ்ட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ரெடி." இதில் இங்கிலீஷைத் தாய்மொழியா பேசுறவங்களும் விழுவாங்க. நமக்கு இன்னும் கொஞ்சம் வழுக்கும். ஏன்னா தமிழில் "மாணவர்களின் பட்டியல் தயாராக இருக்கிறது"ன்னு சொல்லும்போது எழுவாயான "பட்டியல்" கடைசியில், வினைக்குக் கிட்ட வருது. இங்கிலீஷில் அது முன்னாடி போயிடுது. "ஸ்டூடன்ட்ஸ்" வந்து வினைக்குப் பக்கத்தில் நிக்குது. பக்கத்தில் இருக்கிறதைப் பார்த்து "ஆர்" போடுறோம். தயாரா இருக்கிறது எது? பட்டியல். ஒருமை. அதனால "இஸ்".

அப்போ தமிழ்தான் பிரச்சினையா? இல்லை. மேலே சொன்ன கடைசிக் கேள்வியைத் தீர்த்ததே தமிழ்தான். இன்னும் சில பாருங்க.

"ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" சரியா? "என் நண்பர்களில் ஒருவர் வந்தார்". நண்பர்கள் பன்மை, வந்தவர் ஒருவர். அப்போ "ஃப்ரெண்ட்ஸ்", ஆனா வினை ஒருமை. "ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் வி ப்ளேட்" சரியா? "மழை பெய்தாலும், ஆனால் விளையாடினோம்"னு யாராவது சொல்வோமா? ஒரு "ஆலும்" போதும். அங்கேயும் "ஆல்தோ" இருந்தா "பட்" வேண்டாம். "வாக்கிங் டு தி பஸ் ஸ்டாப், தி ரெய்ன் ஸ்டார்ட்டட்" சரியா? "பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டே மழை ஆரம்பித்தது". நடந்தது மழையா? சிரிப்பு வருதில்ல, அதுதான் எரர்.

"எ", "ஆன்" குழப்பத்துக்கு, அடுத்த வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்க. யுனிவர்சிட்டி "யு"வில் தொடங்குது, அதனால "எ". எம்பிஏ "எ"யில் தொடங்குது, "அவர்"னு உச்சரிக்கிற மணிநேரம் "அ"வில் தொடங்குது, ரெண்டும் உயிரெழுத்து, அதனால "ஆன்". ஓர் ஊர், ஒரு வீடு. ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ படிச்ச அதே விதி.

எல்லாத்துக்கும் தமிழ் கைகொடுக்காது என்பதையும் சொல்லணும். "தி" எங்கே வரும், எங்கே வராது என்பதற்குத் தமிழில் நேரான சொல்லே இல்லை. "இன், ஆன், அட்" கூட அப்படித்தான். அங்கே படிச்சுப் படிச்சுத்தான் பழகணும். அதனாலதான் டிரெய்னர் சொல்றது பாதி சரி.

மீதிப் பாதி ஏன் முக்கியம்னா, நம்ம கிளாஸில் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்தில் படிச்சவங்க இருக்காங்க. வெர்பல்னாலே "அது உங்க ஏரியாடா"ன்னு ஒதுங்கிடுறாங்க. "தமிழ்ல யோசிக்காதே"ன்னு சொன்னா, கையில் இருக்கிற கருவியையும் பிடுங்கின மாதிரி ஆயிடும். எழுவாய், பயனிலை, எச்சம் இதெல்லாம் நம்மைவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும். இங்கிலீஷ் வாக்கியத்தைக் கூசாமல் சத்தமா வாசிக்க நமக்கு வரும். ரெண்டும் ஒரே பெஞ்சில் உட்காரணும்.

அடுத்த மாக் டெஸ்ட் முடிஞ்சதும் ஸ்கோரை மட்டும் பார்க்காதீங்க. தப்பா போட்ட ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அதோட தமிழை எழுதுங்க. தமிழ் எங்கே இழுத்துச்சு, எங்கே காப்பாத்தியிருக்கும்னு குறிச்சுக்கோங்க. பத்து டெஸ்டுக்கு அப்புறம் அந்த நூறு ரூல் பிடிஎஃப்பைத் திறந்து பாருங்க. அதில் பாதி ரூல் ஏற்கெனவே உங்க நோட்டில் இருக்கும்.