ஓட்டுபவனுக்குத் தடை, ஓட்டவைப்பவனுக்கு உரிமம்!



சுனாபட்டி ரயில் நிலையத்தில் இறங்குபவரைத் தன் பைக்கில் ஏற்றிச் சென்று பிழைக்கும் நம் இளைஞன் செய்த குற்றமென்ன?

சொந்த பைக்கைச் செயலி வழியே வாடகைக்கு ஓட்டக்கூடாதென்று 2023 சனவரியில் மராட்டிய அரசு தடை போட்டது. 2025 சூலையில் புதிய விதி வகுத்துக் கதவைத் திறந்தது. யாருக்கு? 50 மின்சார பைக்குகளாவது வைத்திருக்கும் முதலாளிக்கு! கடனில் ஒரே பெட்ரோல் பைக் வாங்கியவனுக்கோ அபராதச் சீட்டு!

கம்பெனி அவனைத் 'தொழிலாளி' என்பதில்லை, 'பங்காளி' என்கிறது. லாபத்தில் பங்கில்லாத பங்காளி உண்டா?

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம், கம்பெனி தன் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர் நலநிதிக்குத் தரவேண்டும் என்கிறது. தனியாளாய்க் கேட்டால் கிடைக்குமா?

ஆட்டோக்காரர் நம் பகைவரல்லர். மராத்தி, இந்தி பேசும் ஓட்டுநரும் நம்மவரே. சங்கமாய்த் திரளுங்கள்!