நெய்தலை மீட்பது சவுக்கு நடுவதன்று

நெய்யாறு கடலொடு கலக்கும் பூவார்ப் பொழியினின்று கரைவழியே தென்கிழக்காக நடப்போர், பொழியூரைக் கடந்ததும் நீரோடித் துறையில் தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிவைப்பர். 1956 நவம்பர் முதல் நாளில் வகுத்த அவ்வெல்லையைக் கருமணல் அறியாது. அம்மணலை நம்பி வாழும் அடம்பங்கொடியும் அறியாது.

திருவிதாங்கூரினின்று ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிய மணலில் மோனசைட்டு இருப்பதை 1909இல் செருமானியராகிய ஷோம்பெர்க் கண்டறிந்தார். அதன்பின் மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. அன்று காஸ் விளக்கின் வலைக்குத் தேவைப்பட்ட தோரியம் இன்று அணு ஆற்றலின் பெயரால் நாடப்படுகிறது. கிள்ளியூர் வட்டத்தில் கொல்லங்கோடு வரை 1,144 எக்டேர் நிலத்தில் மணல் அகழும் திட்டத்திற்கென 2024இல் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டம் மக்களின் எதிர்ப்புக்கிடையே ஒத்திவைக்கப்பட்டது. அகழலாமா, கூடாதா என்பது ஒரு வழக்கு. யாம் ஈண்டு தொடுப்பது வேறொரு வழக்கு. 'அகழ்ந்த நிலத்தை நிரப்பி மரம் நட்டுப் பசுமையாக்கித் தருவோம்' என்னும் இனிய சொல்லின் மேலது அது.

எம்மரம் நடுவீர்? ஒடிசாவின் சத்ரபூர்க் கரையில் கனிமம் எடுத்த மணலில் சவுக்கும் முந்திரியும் நட்டனர். சவுக்கு கீழைக்கடல் நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் பிறந்தது. சென்னை மாகாணத்தில் புகைவண்டியின் விறகுக்காகத் தோப்பு தோப்பாக வளர்க்கப்பட்டது. முந்திரியோ பறங்கியர் கொணர்ந்தது; 'பறங்கிமாவு' என இப்பக்கத்தார் வழங்கும் பெயரே அதற்குச் சான்று. வந்த மரங்களை வெறுப்பவர் அல்லேம் யாம். சவுக்கு வெறுமணலில் வளரும், தழைச்சத்தைத் தன் வேர்முடிச்சில் சேர்க்கும், ஏழைக்கு விறகும் தரும். ஆயினும் அதன் உதிர்சருகு மெத்தையெனப் படிந்து, கீழே வேறு செடி முளைக்கவொட்டாது. சில ஆண்டுகளில் வெட்டி விற்கப்படும் அதனைப் பயிர் என்க, காடு என்னற்க.

கனிமம் பிரித்தபின் குழிக்குத் திரும்பும் வெண்மணலில் மக்கு இல்லை, விதை இல்லை, நீரைப் பிடிக்கும் ஆற்றலும் இல்லை. அகழுமுன் அங்கிருந்தவை எவை? மணலைத் தைத்துப் பிடிக்கும் அடம்பு, இராவணன்மீசைப் புல், தாழை, நொச்சி, பூவரசு, புன்னை. புன்னையின் எண்ணெய் விளக்கிலும் எரிந்தது, தோணியின் மரத்தையும் காத்தது. விளையாட்டாய்த் தான் மணலில் புதைத்த காய் வளர்ந்து நின்ற புன்னையைத் தன் தங்கையெனக் கொண்டு, அதன் நிழலில் காதலனொடு நகையாட நாணிய தலைவியை நற்றிணையின் 172ஆம் பாட்டிற் காண்கிறோம். சவுக்கைத் தங்கையென்று சொல்லக்கூடிய பெண்ணொருத்தியை இனித்தான் தேடவேண்டும்!

'நாட்டுமரம் மெல்ல வளரும். மணலிற் பிழையாது' என்பர் மறுப்போர். தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே என்னுமிடத்தில் 1977 முதல் இதே கனிமங்களுக்காகக் கடற்கரை மணற்குன்றுகள் அகழப்பட்டன. அங்கே மேல்மண்ணை முதலில் வழித்துத் தனியே வைத்தனர். குன்றுகளை மீள வடித்தபின் அம்மண்ணைப் பரப்பினர். காற்றைத் தடுத்து, விரைவில் முளைக்கும் கம்பு, சோளம் முதலியன விதைத்தனர். மண்ணுள் உறங்கிய விதைகள் எழுந்தன. பறவைகள் மேலும் விதை கொணர்ந்தன. நாட்டு வேலமரம் முந்தி வர, பிற மரங்கள் அதன் நிழலில் பிந்தி வந்தன. ஆனால் அங்கும் மூன்றிலொரு பங்கு நிலத்துக்கே இந்தப் பேறு. எஞ்சிய இரண்டு பங்கில் கரிக்காகச் சவுக்கே நட்டனர்! நம்மவர் எடுத்துக்காட்டுவது அந்த இரண்டு பங்கையே.

ஆகவே வேண்டுவது மந்திரமன்று, மேல்மண்தான். அதனைத் தனியே எடுத்துப் பேணிப் பயன்படுத்துக என்று 1988ஆம் ஆண்டின் கனிம விதிகளே கூறின. நட்ட கன்றை எண்ணிப் பலகையில் எழுதுவது கணக்கன்று. பத்தாம் ஆண்டில் நிற்கும் மரத்தையும் அதன்கீழ்த் தானாக முளைத்ததையும் எண்ணுக. எக்கொடி எவ்விடத்தில் படரும் என்பதைத் துறையில் மீன் உலர்த்தும் மூதாட்டியர் அறிவர். அவரைக் கேட்டோர் உண்டா?

கூட்டம் மீண்டும் அறிவிக்கப்படின், நீரோடி முதல் மிடாலம் வரையுள்ள ஊரவரொடு யாமும் சென்று, அகழும் பொறி வருமுன்னரே எந்த நாற்றங்காலில் எத்தனை புன்னங்கன்று வளர்கிறது என்பதையே முதல் வினாவாகக் கேட்போம்.