கூண்டு எதற்கு?

மும்பையில் காடு தெரியும் ஜன்னலுக்கு விலை அதிகம். லட்சங்களைக் கொட்டி அப்படி ஒரு ஃபிளாட் வாங்கியவர், காம்பவுண்டுச் சுவர்மேல் ஒரு சிறுத்தை படுத்திருப்பதைப் பார்த்ததும் வனத்துறைக்குப் போன் செய்கிறார்: "கூண்டு வையுங்கள்!"

சுமார் 104 சதுர கி.மீ. பரப்புள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை நகரம் நெருக்கிக்கொண்டிருக்கிறது. 2015இல் கேமராக்கள் வைத்துக் கணக்கெடுத்தபோது பூங்காவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் 35 சிறுத்தைகள் தென்பட்டன. அவற்றைக் காட்டுக்கு வெளியே இழுப்பது பெரும்பாலும் தெருநாய். நாயை இழுப்பது குப்பை. குப்பை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான்: பிடி, வேறெங்காவது கொண்டுபோய் விடு. 2002-04இல் மும்பையில் தாக்குதல்கள் பெருகி உயிர்கள் போயின. புனே மாவட்டத்தின் ஜுன்னர் பகுதியில் ஆராய்ந்த வித்யா ஆத்ரேயா, இந்த வைத்தியமே நோயைக் கூட்டுகிறது என்று காட்டினார். பழக்கமில்லாத இடத்தில் விடப்பட்ட சிறுத்தை மிரண்டு அலைகிறது. அது காலி செய்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடுகிறது. பிறகு 2011இல் மும்பை வனத்துறை ஆய்வாளர்களையும் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு புதுப் பாடம் சொல்ல ஆரம்பித்தது. குப்பையை அள்ளுங்கள், இருட்டில் குழந்தைகளைத் தனியே விடாதீர்கள், சிறுத்தையைக் கண்டால் கும்பல் கூடி விரட்டாதீர்கள்.

ஆரே காலனிப் பாடாக்களில் வாழும் வார்லி பழங்குடிகளுக்கு இது புதிதல்ல. அவர்கள் 'வாகோபா' என்று இந்தப் பெரும்பூனையைத் தெய்வமாகவே கும்பிடுகிறவர்கள். காட்டை விலை கொடுத்து வாங்காதவர்கள் என்பதாலோ என்னவோ, அதில் வேறு யாருக்கும் பங்கு உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் தெய்வமும் பாடமும் எப்போதும் காப்பதில்லை. 2022 தீபாவளியன்று காலை ஆரேயில் 16 மாதப் பெண் குழந்தை ஒன்று சிறுத்தை தாக்கி இறந்தது. மறுபடி கூண்டுகள் வந்தன. அந்த வீட்டாரிடம் போய் ஆய்வு முடிவுகளைப் படித்துக்காட்ட யாருக்கும் வாய் வராது. இருட்டில் வெளியே போகாதே என்று ஃபிளாட்வாசிக்குச் சொல்லலாம், கேட்டுக்கொள்வார். வீட்டில் கழிப்பறை இல்லாத குடிசைவாசிக்கு அதையே சொல்வதற்கு முன் ஒரு கழிப்பறையும் தெருவிளக்கும் போட்டுத்தர வேண்டும். கூண்டைவிட அதற்குச் செலவு அதிகம்.