எச்.டி.ஆர். என்ற பெயர் மட்டும் போதாது



சென்ற இதழில் வந்த மானிட்டர் கட்டுரை அங்குலக் கணக்கையும் 4கே தெளிவையும் நன்றாக விளக்கியது. ஆனால் மிகுந்த வெளிச்சத்தையும் ஆழ்ந்த கறுப்பையும் ஒருங்கே காட்டும் எச்.டி.ஆர். பற்றி 'இருந்தால் நல்லது' என்று ஒரே வரியில் முடித்தது சரியல்ல.

பெட்டியில் 'எச்.டி.ஆர். 10' என்று அச்சிட்டிருந்தால், அந்த வகை வீடியோவை மானிட்டர் ஏற்கும் என்பதுதான் பொருள். அதைக் காட்டுமளவுக்குத் திரையில் வெளிச்சம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். திருமண ஆல்பம் வடிவமைக்கும் எங்கள் ஸ்டுடியோவில் அப்படியொரு 32 அங்குல மானிட்டர் இருக்கிறது. உச்ச வெளிச்சமே 300 நிட்ஸ்தான். விண்டோஸில் எச்.டி.ஆரைப் போட்டதும் பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு வெளிறிவிடுகிறது. மணப்பெண்ணின் கருங்கூந்தல் சாம்பல் பூத்துத் தெரிகிறது. அதை அணைத்துவிட்டுத்தான் வேலை பார்க்கிறோம். விற்ற கடையில் கேட்டால், "பெட்டியிலயே போட்டிருக்கே சார்" என்கிறார்கள்.

திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு, எச்.டி.ஆர். திரைகளுக்கு 2017 முதல் படிப்படியான தரச்சான்று வைத்திருக்கிறது. அதிலும் 'டிஸ்பிளே எச்.டி.ஆர். 400' என்ற கீழ்ப்படிக்கு, திரையின் பகுதிகளைத் தனித்தனியே மங்கச் செய்யும் வசதி கட்டாயமில்லை. அது இல்லாமல் கறுப்பு கறுப்பாகத் தெரியாது. 1000 என்ற படியையோ, ஓலெட் திரைகளுக்கான 'ட்ரூ பிளாக்' சான்றையோ பார்த்து வாங்குவதே நல்லது.

கடைக்காரர்கள் விலைச்சீட்டில் நிட்ஸ் அளவையும் சான்றின் படியையும் எழுதி வைக்க வேண்டும். தங்கள் இதழும் அடுத்த முறை மானிட்டர் பட்டியல் வெளியிடும்போது இவ்விரண்டையும் தவறாமல் சேர்க்க வேண்டுகிறேன்.

– ஆல்பம் வடிவமைப்பாளர், மதுரை